ஒரே கொட்டகை, ஒரே அணி: இந்த ஜூனில் யார் பக்கம்?

போன வருஷம் நாங்கள் செய்த தப்பு, ஆளுக்கொரு அணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுதான். ஆறு பேர். வலங்கைமான் பக்கத்தில் என் மச்சானின் டிராக்டர் கொட்டகை. குறுக்கே ஒரு எட்டு முழ வேட்டியைக் கட்டி, கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்குப் போகும் புரொஜெக்டரை ஒரு நாளைக்குப் பேசி எடுத்து, பிரான்ஸில் நடக்கும் லெ மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்ப்பதாக ஏற்பாடு. இருபத்து நாலு மணி நேரம் யாராலும் கொட்டக் கொட்ட விழித்திருக்க முடியாது. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல வைத்துக்கொண்டோம். இரண்டு பேர் முழித்திருக்க வேண்டும், நாலு பேர் தூங்கலாம், பெரிதாக ஏதாவது நடந்தால் எழுப்பிவிட வேண்டும்.

அதில் இருந்த ஓட்டை விடிந்த பிறகுதான் தெரிந்தது. போர்ஷேயின் 6ஆம் எண் கார் தகுதிச் சுற்றில் எடை குறைவாக இருந்ததென்று நீக்கப்பட்டு, மொத்த வெற்றிக்கு மோதும் தலைமைப் பிரிவான ஹைப்பர்கார் வரிசையின் கடைசியிலிருந்து கிளம்பியிருந்தது. அது முன்னணிக்கு வந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் கொட்டகையில் காவல் இருந்த இருவரும் ஃபெராரிக்காரர்கள். போர்ஷேக்கார அண்ணனை எழுப்பவே இல்லை. அந்தக் கார் கடைசியில் 14 விநாடி பின்தங்கி இரண்டாவதாக வந்தது. அண்ணன் அதை இன்னும் மன்னிக்கவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோதுகூட எடுத்துப் போட்டார்.

ஆகவே 2026இல் ஒரே அணி. ஆறு பேரும் அதற்குத்தான் கத்த வேண்டும். எதுவென்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள், 13 லெ மான்ஸ். தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்வதற்குள் பந்தயம் முடிந்துவிடும் என்பது ஒரு வசதி. நாற்றங்கால் வேலை வைத்திருப்பவனும் ஒரு நாள் ஒதுக்கலாம். அங்கே மாலை நாலு மணிக்குத் தொடங்கினால் நமக்கு இரவு ஏழரை. நமக்கு விடிகாலை ஆறு மணி, மாட்டை அவிழ்த்துக் கட்டுகிற நேரம், அங்கே இரவு இரண்டரை. திரையில் கும்மிருட்டு, கொட்டகைக்கு வெளியே வெயில். இந்தக் குழப்பத்தில்தான் தூக்கம் கண்ணைச் சுழற்றும்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? என் அளவுகோல் கார் உலகத்திலிருந்து வந்ததில்லை. தை மாசத்து அறுவடையிலிருந்து வந்தது.

நாலு ஏக்கர் சம்பா, கதிர் சாய்ந்துவிட்டது. இரண்டு மெஷின் வந்து நின்றன. ஒன்று வேகமான வண்டி, மணிக்கு இருநூறு ரூபாய் குறைவாகவும் கேட்டார்கள். இன்னொன்று கொஞ்சம் நிதானம், வாடகையும் கூட. நான் முதலாவதைப் பேசினேன். ராத்திரி பதினொன்றரைக்கு அதன் பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட் இல்லை. ஓட்டுநரும் ஒரே ஆள், காலையிலிருந்து ஓட்டியவர், வரப்பில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பனி இறங்கி, நெல் ஈரம் ஏறி, 17 சதவீதத்துக்குள் கொண்டுவர மூன்று நாள் ரோட்டில் பரப்பிக் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்து வயலில் அந்த நிதான வண்டி. இரண்டு ஓட்டுநர்கள், ஒருவர் ஏற ஒருவர் இறங்க. பெல்ட், பேரிங், பிளேடு, கிரீஸ் டப்பா எல்லாம் ஒரு மரப்பெட்டியில். அவர்களுக்கும் ஒரு பேரிங் போனது. அரை மணி நேரம் டார்ச் வெளிச்சத்தில் குத்தவைத்து மாற்றினார்கள். விடிவதற்குள் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

லெ மான்ஸ் ஏறக்குறைய அதே கதை. ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி சாதாரண நாட்களில் லாரியும் காரும் போகிற பொதுச் சாலை. ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். எந்த ஆறு மணி நேரத்தை எடுத்தாலும் ஒருவர் நாலு மணிக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தத்தில் 14 மணிக்கு மேல் கூடாது. முக்கால் மணிக்கு ஒரு தடவை பிட்டுக்குள், அதாவது அணி காத்திருக்கும் பழுதுபார்க்கும் இடத்துக்குள், வந்து எரிபொருள் ஊற்ற வேண்டும். (அந்த எரிபொருளே பிரான்ஸின் ஒயின் ஆலைக் கழிவிலிருந்து எடுப்பது. நம் ஊர்க் கரும்புச் சக்கை ஆட்களுக்கு இது ஒரு தகவல்.) மழை இல்லாத வருஷமென்றால் 5000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கும்பகோணத்திலிருந்து சென்னை போய்த் திரும்புவதை ஒரே நாளில் ஒன்பது முறை செய்வதுபோல. இதில் ஏதாவது ஒன்று கட்டாயம் உடையும். உடைந்த பிறகு அந்த அணி என்ன செய்கிறது என்பதுதான் நான் பார்ப்பது.

முதலில் எல்லாரும் கேட்கும் கேள்வியை முடித்துவிடுகிறேன்: நம்ம அஜித் அணி ஏன் இல்லை? ஆறு பேரில் இரண்டு பேர் அதற்குத்தான் கை தூக்கினார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதைத் தமிழ்நாடே செல்போனில் பார்த்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அணியின் 992 வகைப் போர்ஷேயில் தான் ஓட்டுவதில்லை என்று அவரே விலகிக்கொண்டு, வேறொரு சிறிய பிரிவுக் காரில் ஓட்டினார். அந்த 992 தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. முதலாளியே வண்டியிலிருந்து இறங்கி அணியைக் காப்பாற்றினார் என்றால், அது என் மரப்பெட்டிப் பரீட்சையில் தேறிவிட்டது. யூடியூபில் இலவசமாகவும் பார்க்கலாம். இந்த வகைப் பந்தயத்தையே பார்த்திராதவர் அங்கிருந்து தொடங்கினால் நல்லது. ஆனால் அவர் அணி ஓடுவது வேறு தொடரில், லெ மான்ஸில் இல்லை. எங்கள் வேட்டித் திரை ஜூன் 13க்குத்தான்.

லெ மான்ஸில் நம் ஆட்கள் கதை சிறியது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2009இல் ஆடி காரோடு போய், பந்தயத்துக்குச் சற்று முன் தோள்பட்டை நழுவி உட்கார வேண்டியதாயிற்று. சென்னை கருண் சந்தோக் 2012இல் ஓட்டி, மொத்தத்தில் ஆறாவது இடம் பிடித்தார். லெ மான்ஸில் ஓடிய முதல் இந்தியர் அவர்தான். இப்போதைய ஹைப்பர்கார் வரிசையில் ஊர்ப்பாசத்துக்கு ஆளில்லை.

போர்ஷே. 19 வெற்றி, வேறு யாரும் கிட்டே இல்லை. 1970இல் முதல் வெற்றி, 2017இல் கடைசி. அந்த 2017 வெற்றி என் கணக்கில் மிக உயர்ந்தது. தொடக்கத்திலேயே முன்பக்க மின்மோட்டார் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொட்டகைக்குள் நின்ற கார், மற்றவர்கள் ஒவ்வொருவராக விழ விழ, மெதுவாக மேலே வந்து ஜெயித்தது. அப்படியென்றால் போர்ஷேதானே? அதுதான் இல்லை. 2025 சீசனோடு, லெ மான்ஸும் சேர்ந்த உலகத் தொடரின் ஹைப்பர்கார் பிரிவிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டார்கள், அமெரிக்கத் தொடரில் மட்டும் தொடர்கிறார்கள். சின்ன பிரிவில் மான்தாய் அணியின் போர்ஷே 2024, 2025 இரண்டு வருஷமும் லெ மான்ஸ் எல்எம்ஜிடி3 வெற்றியை எடுத்தது, அது தனி விருந்து. அண்ணனுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “போகும்போது ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போயிருக்கலாம்” என்றார்.

கேடிலாக், ஆஸ்டன் மார்ட்டின் இரண்டையும் காதால் தேர்ந்தெடுக்கலாம். கேடிலாக்கின் 5.5 லிட்டர் வி8 உறுமுவது வேட்டித் திரையையே நடுங்கவைக்கும். ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரியின் வி12 சத்தம் அதற்கும் மேலே, வேறு சுருதி. அதில் ஹைப்ரிட் மோட்டார்கூடக் கிடையாது. கேடிலாக் 2025இல் சாவ் பாவ்லோவில் முதலிரண்டு இடங்களையும் எடுத்தது, லெ மான்ஸில் முதல் வரிசையிலிருந்து கிளம்பியது. வளர்கிற பயிர். ஆனால் இருபத்து நாலு மணி நேரம் அழவும் சிரிக்கவும் வைக்கிற கதை இன்னும் சேரவில்லை. பிஎம்டபிள்யூ, பெஷோ, அல்பைன் பற்றி எங்கள் ஆறு பேரில் யாரும் வாயே திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

ஆக மிஞ்சுவது இரண்டு. சண்டையும் அங்கேதான்.

ஃபெராரிக்கு வாதாடுவது என் அக்கா மகன். அவன் கையில் இருக்கும் சீட்டுகள் கனமானவை. 1973க்குப் பிறகு அம்பது வருஷம் தலைமைப் பிரிவுப் பக்கமே வராமல் இருந்து, 2023இல் திரும்பி வந்த முதல் தடவையே வெற்றி. அப்புறம் 2024, 2025. வந்த மூன்று வருஷமும் மூன்று வெற்றி, மூன்றும் வெவ்வேறு கார். 2025இல் உலகத் தொடரின் தயாரிப்பாளர் பட்டமும் ஓட்டுநர் பட்டமும் சேர்ந்து வந்தன.

மரப்பெட்டிப் பரீட்சையிலும் அவர்கள் தோற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024இல் நிக்லாஸ் நீல்சன் முன்னணியில் ஓட்டிக்கொண்டிருந்தபோது 50ஆம் எண் காரின் வலப்பக்கக் கதவு சரியாகப் பூட்டாமல் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. நம் ஊர் மினி பஸ் கதவு மாதிரி. பந்தய அதிகாரிகள் கொடி காட்டிவிட்டார்கள், உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். எதிர்பாராத அந்த நிறுத்தத்தால் எரிபொருள் கணக்கே மாறிப்போயிற்று. மழை ஈரத்தில், வேகத்தையும் விடாமல், ஆற்றலையும் சொட்டுச் சொட்டாகச் சேமித்து ஓட்டி, கோட்டைத் தாண்டும்போது மீதி இருந்தது 2 சதவீதம். பின்னால் வந்த டொயோட்டாவுக்கும் அதற்கும் இடைவெளி 14 விநாடி.

2025இல் ஜெயித்த மஞ்சள் கார் பற்றிச் சொல்லும்போது என் அக்கா மகன் குரலே மாறும். 83ஆம் எண் காரை நடத்துவது ஏஎஃப் கோர்ஸே அணி, தொழிற்சாலையின் சிவப்புக் கார்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஓட்டியவர்கள் ராபர்ட் குபிட்சா, யே யிஃபெய், ஃபில் ஹான்சன். குபிட்சா 2011இல் இத்தாலியில் ஒரு ராலி விபத்தில் வலது கையை இழக்கும் நிலைக்குப் போனவர். ஃபார்முலா ஒன்றில் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. பத்து வருஷம் கழித்து, 2021 லெ மான்ஸில், ஹைப்பர்காருக்கு அடுத்த எல்எம்பி2 பிரிவில் அவரும் யேயும் இருந்த கார் முதலிடத்தில் இருந்தபடியே கடைசிச் சுற்றில் நின்றுபோனது. அப்போது ஸ்டியரிங்கில் இருந்தவர் யே. அந்த இரண்டு பேரும் ஒரே காரில் திரும்பி வந்து, 2025இல் மொத்தப் பந்தயத்தையும் ஜெயித்தார்கள். கடைசி மணிகளில் காரை ஓட்டி வந்தவர் குபிட்சா.

“மாமா, இதுக்கு மேல என்ன வேணும்?” என்கிறான். பதில் சொல்வது கஷ்டம்தான். ஆனால் குபிட்சாவுக்காகக் கத்துவது வேறு, ஃபெராரிக்காகக் கத்துவது வேறு என்று நினைக்கிறேன். மூன்று ஃபெராரியில் எது வந்தாலும் சரி என்றால், ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பிவிட என்ன அவசரம்? ஒரு வீட்டில் மூன்று பிள்ளை பரீட்சை எழுதினால் ஒருவனாவது பாஸாவான் என்று தூங்கிவிடலாம்.

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. இந்தப் பிரிவில் எல்லாக் காரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும்படி, ஒவ்வொரு காருக்கும் எடை எவ்வளவு, சக்தி எவ்வளவு என்று அமைப்பாளர்கள் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் என்று பெயர். ஃபெராரி தொடர்ந்து ஜெயித்தால் ஃபெராரிக்கு அதிகம் விட்டுவிட்டார்கள் என்பார்கள், டொயோட்டா தோற்றால் எடை ஏற்றிவிட்டார்கள் என்பார்கள். மேல்மடைக்காரன் தண்ணீரை முழுக்க எடுத்துக்கொண்டான் என்று காலாகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் கடைமடைக்காரர்கள் நாம், இது நமக்குப் புரியாதா? ஒரே வித்தியாசம், அங்கே அணிகள் இதைப் பற்றி வெளியே வாய் திறக்கவே விதியில் தடை. அப்படி ஒரு விதி இங்கே வந்தால் டீக்கடைகளை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சரி, டொயோட்டா.

2016 ஜூன் 19. எனக்கு நாள் மறக்காது, அன்று கும்பகோணத்தில் ஒரு நிச்சயதார்த்தம், நான் மொட்டை மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லெ மான்ஸை ஒரு தடவைகூட ஜெயித்திராத டொயோட்டா, 5ஆம் எண் காரில் கசுகி நகாஜிமா, முன்னணி. இன்னும் மூன்று சொச்சம் நிமிஷம். ரேடியோவில் அவர் குரல், சக்தி இல்லை, சக்தி இல்லை. கார் தளர்ந்து, தொடக்கக் கோட்டைத் தாண்டியதும், தன் அணியின் கண் முன்னாலேயே நின்றுவிட்டது. போர்ஷே பக்கத்தில் போய்விட்டது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் காற்றுக் குழாயில் ஓர் இணைப்பு. அவ்வளவுதான். டிராக்டரில் ஹோஸ் கிளிப் கழன்றால் என்ன ஆகுமோ அதேதான். நகாஜிமா எப்படியோ உருட்டிக்கொண்டு கடைசிச் சுற்றை முடித்தார், ஆனால் அதற்கு நேரம் அதிகமானதால் முடிவுப் பட்டியலில் அந்தக் காருக்கு இடமே கொடுக்கவில்லை. கீழே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

அடுத்த வருஷம் இன்னும் கொடுமை. கமூய் கோபயாஷி தகுதிச் சுற்றில் 3 நிமிஷம் 14.791 விநாடியில் சாதனை படைத்து, இரவில் முன்னணியில் இருந்தார். பிட்டிலிருந்து வெளியேறும் இடத்தில் சிவப்பு விளக்கு, காத்திருக்கிறார். வேறோர் அணியின் ஓட்டுநர், ஆரஞ்சு உடையில், ஓடிவந்து கட்டைவிரலை உயர்த்தி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பந்தய அதிகாரிதான் போகச் சொல்கிறார் என்று கோபயாஷி காரை எடுத்துவிட்டார். அணி நிறுத்தச் சொன்னது. திரும்ப எடுத்தார், திரும்ப நிறுத்தினார். மின்மோட்டாரில் கிளம்ப வேண்டிய காரை கிளட்சில் கிளப்பக் கிளப்ப, கிளட்ச் எரிந்துபோயிற்று. ஒரு வாழ்த்தால் பந்தயம் போனது.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் போகவில்லை. ஆடி கம்பெனி 2016 முடிவில் போயிற்று, போர்ஷே 2017 முடிவில் போயிற்று. டொயோட்டா மட்டும் நின்று, 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தது. “எதிரியே இல்லாத இடத்தில் ஜெயித்தார்கள்” என்று என் அக்கா மகன் சொல்வான். 2018, 2019, 2020 பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் 2021இல் இரண்டு காருக்கும் எரிபொருள் அழுத்தம் குறைந்து, இரண்டுமே நின்றுபோகும் நிலை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்களும் ஓட்டுநர்களும் சேர்ந்து ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்து, முதலிரண்டு இடத்தையும் எடுத்தார்கள். பேரிங் மாற்றிய அந்த டார்ச் வெளிச்சம் எனக்கு அங்கே தெரிந்தது.

எதிர்க்கட்சிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஃபெராரி வந்த பிறகு டொயோட்டா லெ மான்ஸை ஜெயிக்கவில்லை. 2023இல் கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபெராரியைத் துரத்திக்கொண்டிருந்த டொயோட்டா ஓட்டுநர் ஹிராகாவா, ஆர்னாஜ் வளைவில் பிரேக் அடிக்கும்போது தடுப்பில் போய் இடித்தார். 2024இல் அந்த 14 விநாடி. 2025 சீசனில் கடைசிப் பந்தயமான பஹ்ரைன்வரை ஒரு வெற்றியும் இல்லை, அங்கே முதலிரண்டு இடத்தையும் எடுத்ததோடு சரி. வெற்றிக்காக அணி பிடிக்கிறவருக்கு ஃபெராரிதான், அதில் எனக்குக் குழப்பமில்லை. ஒரு இரவு மட்டும் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளிக்கும் ஃபெராரி போதும்.

நாங்கள் ஆறு பேரும் வருஷா வருஷம் அந்தக் கொட்டகையில் உட்காரப்போகிறவர்கள். கோபயாஷி 7ஆம் எண் காரை ஓட்டிக்கொண்டே அணித் தலைவராகவும் இருக்கிறார். முதலாளியும் அவரே, ராத்திரி மூன்று மணிக்கு ஹெல்மெட் மாட்டுபவரும் அவரே. பக்கத்துக் காரில் நாலு முறை லெ மான்ஸை ஜெயித்த பூயெமி, 2016இல் பிட்டில் நின்று அந்த மூன்று நிமிஷத்தைப் பார்த்தவர். கூடவே ஹார்ட்லி. 2017இல் அந்த ஒரு மணி நேரத்தை இழந்தும் ஜெயித்த போர்ஷேயில் இருந்தவர் அவர்தான், போர்ஷேக்கார அண்ணனுக்கு இதை ஆறுதலாகச் சொன்னேன். அவர் உடனே கை தூக்கிவிட்டார்.

நாலுக்கு இரண்டு, டொயோட்டா. எதிர்த்து வாக்களித்தவர்கள் என் அக்கா மகனும், “இந்தப் பேச்சே வேண்டாம், அஜித்” என்று கடைசிவரை நின்ற மச்சானும். கொட்டகை மச்சானுடையது என்பதால் அவர் பெயரைப் பலகையில் முதலில் எழுதினோம்.

காவல் முறையும் போட்டாயிற்று. இரவு ஏழரை முதல் பதினொன்றுவரை எல்லாரும். பதினொன்று முதல் இரண்டுவரை போர்ஷேக்கார அண்ணனும் மச்சானும். இரண்டு முதல் ஐந்து நான், கூட இன்னொருவர். ஐந்து முதல் எட்டு என் அக்கா மகன். அங்கே நள்ளிரவு தாண்டிய இருட்டு, ஏதாவது உடைந்தால் அப்போதுதான் உடையும். அவனோடு உட்கார டொயோட்டாவுக்குக் கை தூக்கிய ஒருவரைப் போட்டிருக்கிறோம். அவன் மஞ்சள் துண்டு ஒன்று வாங்கி வைத்திருப்பதாக அக்கா சொன்னாள்.